சூரன் தலைகளுக்கு நடுவே ஒரு பை

எங்கள் தெருவில் யாருடைய குப்பைத் தொட்டியை யார் திறக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பெருமைக்காகச் சொல்லவில்லை. இலண்டன் எட்மண்டனில் வீடுகள் ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. எனக்கு முழங்கால் வருத்தம், ஆகவே மேல் அறை ஜன்னலடியில் கதிரை போட்டு உட்கார்ந்தபடிதான் என் பொழுது. ஜன்னலுக்கு லேஸ் திரை. கண் இருந்தால் பார்க்கத்தானே செய்யும்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலை, பக்கத்து வீட்டுச் சுஜீத் நெற்றி நிறையத் திருநீறோடு வந்து, என் குப்பைத் தொட்டியின் மூடியை இரண்டு விரலால் தூக்கி, உள்ளே கிடந்த சின்னக் கறுப்புப் பை ஒன்றை எடுத்துக்கொண்டு போனான்.

அந்தப் பைக்குள் இருந்தது பிஸ்கட்டின் பீ. பிஸ்கட் என் மகள் தனுஷியாவின் நாய். அவள் ஃபாரஸ்ட் கேட்டில் பிளாட் எடுத்துப் போனபோது, அங்கே நாய் வைத்திருக்க விடமாட்டார்களாம் என்று என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள். காலையில் நான்தான் நடத்திக்கொண்டு போகிறேன், நான்தான் குனிந்து அள்ளுகிறேன், முழங்கால் வருத்தக்காரி.

அன்று கந்தசஷ்டி தொடங்கிய நாள். விரதகாரன் ஒருவன் நாய்ப் பீயைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகிறான் என்றால் நான் என்ன நினைப்பது? கவுன்சில்காரன் குப்பைக்குப் புது ஒழுங்கு ஏதும் போட்டுவிட்டானோ என்று யோசித்தேன். என் தொட்டி நிரம்பிவிட்டதென்று இரக்கப்பட்டானாக்கும் என்றும் யோசித்தேன். செவ்வாயும் எடுத்தான். வியாழனும் எடுத்தான். இலண்டனில் எந்த அயலவனுக்கும் இவ்வளவு இரக்கம் நீளாது என்று அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

சுஜீத்துக்குப் பகலில் சொந்தக் காரில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. மற்ற நேரமெல்லாம் கோயில். முந்திக் கம்பளக் கிடங்காக இருந்த கட்டடத்தில் எங்கள் பகுதிச் சனம் வைத்திருக்கிற முருகன் கோயில் அது. சஷ்டியின் கடைசி நாள் சூரன் போரில் சூரன் உருவத்தைத் தோளில் தூக்கி ஆட்டுகிறவன் சுஜீத்தான். ஆனைத் தலை, சிங்கத் தலை, சூரனின் சொந்தத் தலை என்று தலையை மாற்றி மாற்றி அவன் துள்ளிக்கொண்டு வர, பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுவார்கள். அவனை நாலு பேர் நிமிர்ந்து பார்ப்பது வருடத்தில் அந்த ஒரு மாலைதான். அதற்கு முன் வருகிற நாட்களில் பாலும் பழமும், குளிப்பும் முழுக்கும், யாரும் தொட்டால் சுருங்குவதும் என்று ஒரே ஆரவாரமாக இருக்கும்.

அவன் மனைவி கௌசி வேறு மாதிரி. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியம் படித்தவள். இங்கே அந்தப் படிப்பை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் காசு வாங்குகிற இடத்தில் நின்றாள். பிறகு என்ஃபீல்ட் பக்கம் பண்ணை மிருகங்களின் நோயைப் பரிசோதிக்கிற ஒரு லாப்பில் கண்ணாடிக் குவளை கழுவப் போனாள். மெல்ல மெல்ல மைக்ரோஸ்கோப் வரைக்கும் ஏறிவிட்டாள். அங்கே பெட்டி பெட்டியாய் வருவது ஆட்டுப் புழுக்கை, மாட்டுச் சாணி, பன்றிப் பீ. சுஜீத் கோயிலில், “மனுசி ஆஸ்பத்திரி லாப்பிலை வேலை” என்று சொல்லி வைத்திருந்தான். கௌசி மறுத்ததில்லை. வேலியடியில் என்னிடம் மட்டும், “ஆஸ்பத்திரிதான் அன்ரி, நோயாளியள்தான் கொஞ்சம் உறுமுவினம்” என்று சிரிப்பாள்.

அந்த ஐப்பசியில் அவளுக்கு ஒரு வாசல் திறந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுகிற சின்னப் பண்ணை ஒன்று எங்களுக்குக் கிட்ட இருக்கிறது. அங்கே ஒரு தாய்ப்பன்றி குட்டி போட்டு ஒன்றரைக் கிழமைகூட ஆகவில்லை, குட்டிகளுக்கு மஞ்சளாய், பசை மாதிரி வயிற்றோட்டம். மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. கௌசி கேட்ட உடனேயே, “இது கொக்சிடியா” என்றாளாம். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. பால்குடிக் குட்டிகளின் குடல் சுவருக்குள் புகுந்து அரித்துவிடுமாம். அவளுடைய மனேச்சர் வெள்ளைக்காரன், நல்லவன் என்றுதான் அதுவரை சொல்லுவாள். “சரி, நீயே கண்டுபிடித்துக் காட்டு. காட்டினால் பன்றி மேசை உன்னுடையது” என்றிருக்கிறான்.

பன்றி மேசை என்றால் பன்றி சம்பந்தப்பட்ட பரிசோதனை எல்லாம் அவள் கையில், அறிக்கையில் அவள் பெயர். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கலியாணப் படத்தில்கூட அந்த முகம் இல்லை, நான் ஆல்பம் பார்த்திருக்கிறேன்.

“என்னண்டு பிள்ளை கண்டுபிடிப்பாய்?” என்று கேட்டேன்.

“அதின்ரை கூடு முட்டை மாதிரிச் சின்னனாப் பீயோடை வரும் அன்ரி. ஆனா பால் குடிக்கிற குட்டியெல்லோ, பீயிலை ஒரே கொழுப்பு, சாதாரண வெளிச்சத்திலை தேடுறது சரியான கரைச்சல், கண்ணுக்குப் பிடிபடாது. ஊதாக்கதிர் லைட்டைப் போட்டால் அந்தக் கூடு மட்டும் நீல வளையமா மினுங்கும். ஒரு நாள் எடுத்துப் பாத்திட்டு இல்லையெண்டும் சொல்லேலாது. இண்டைக்கு வரும், நாளைக்கு வராது. கொஞ்ச நாள் விட்டுவிட்டு எடுக்கவேணும்.”

எடுப்பதில்தான் சிக்கல். அவளுக்கு விடியற்காலை ஷிப்ட். பண்ணைப் பொறுப்பாளர் டெபி, தானே குட்டிகளிடம் எடுத்துச் சின்னப் போத்தல்களில் போட்டுப் பண்ணை வாசல் படலையில் மாட்டிவிடுவதாகச் சொன்னாள். பார்சல் கொடுக்கிற வழியில் அதைத் தூக்கிக் காரில் வைத்து, வீட்டுப் பின் கொட்டிலில் இருக்கும் குட்டி பிரிட்ஜில் வைத்துவிட வேண்டியதுதான் சுஜீத்தின் வேலை.

“ஓம், நான் எடுத்துக்கொண்டு வாறன், நீ யோசியாதை” என்று அவன் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். நடுச்சுவர் மெல்லியது.

சொன்னபடி அந்தச் சஷ்டிக் கிழமை கொட்டில் பிரிட்ஜில் போத்தல்கள் சேர்ந்தன. கௌசி வெள்ளிக்கிழமை அவற்றைக் கொண்டுபோய் மனேச்சருக்கும் மற்றவர்களுக்கும் முன்னால் கரைத்து, வடித்து, கண்ணாடியில் ஏற்றி, ஊதாக்கதிர் லைட்டைப் போட்டாள்.

நீல வளையம் ஒன்றும் வரவில்லை. கண்ணாடி முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாய்க் கலியாண மண்டபம் போல எரிந்தது.

மனேச்சர் குனிந்து போத்தலை மணந்து பார்த்தான். “மத்தியானச் சாப்பாட்டை இந்த மேசையில் திறந்தாயா கௌசி? உன் பன்றிக்குட்டி கறி மணக்கிறதே” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் அவள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு சாதாரண வெளிச்சத்தில் பார்த்தால், உருண்டையாய், தடித்த தோலோடு, அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாய்ப் பெரிய முட்டைகள். அது பன்றியின் குடல் பூச்சியே இல்லை. நாயின் பூச்சி.

மனேச்சர் சிரிப்பை நிறுத்திவிட்டான். “எதை எதோடு கலந்தாய்?” என்று கேட்டான்.

போத்தலைத் திறந்த கணமே அவளுக்கு மணத்தில் பாதி விளங்கியிருக்கிறது. எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு மஞ்சள்தூள் மணம் தெரியாதா? இருந்தும், “என்ரை பிழை, நான்தான் எங்கேயோ மாறிப்போட்டன்” என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டு மானத்தை லாப்பில் விரித்துக் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

அன்று பின்னேரம் கோட்டைக்கூடக் கழற்றாமல், நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்து நின்றாள்.

“அன்ரி, பிஸ்கட்டுக்குக் கடைசியா எப்ப பூச்சி மருந்து குடுத்தனீங்கள்?”

“நான் ஒழுங்காக் குடுக்கிறனான் பிள்ளை” என்றேன்.

“இல்லை அன்ரி. குடுக்கேல்லை.”

மைக்ரோஸ்கோப்போடு யார் வாதாடுவது? மேல் ஜன்னலில் இருந்து பார்த்ததை எல்லாம் சொன்னேன். மூடி, இரண்டு விரல், கறுப்புப் பை. அவள் கதிரையில் உட்காரவில்லை. போனை எடுத்து டெபியை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள். டெபியின் குரல் ஐஸ் மாதிரி இருந்தது. உன் கணவர்தானே திங்கள் காலையிலேயே போன் எடுத்து, லாப் இந்த வேலையைக் கைவிட்டுவிட்டது, இனி ஒன்றும் வேண்டாம் என்று சொன்னார், என்றாள். நீ நேரே சொல்லியிருக்கலாம், என்றாள். இரண்டு குட்டி செத்துப்போயிற்று, என்றாள்.

கௌசி, “மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்பதை இங்கிலீஷில் இரண்டு தரம் சொன்னாள். தான் சொல்லவில்லை என்று ஒரு தரமும் சொல்லவில்லை.

இரவுச் சாப்பாட்டு நேரம் நடுச்சுவர் தன் கடமையைச் செய்தது. நான் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தது உண்மைதான்.

“விரதம் கௌசி! காருக்குள்ளை சூரன்ரை தலையள் வருகுது. அதுக்குப் பக்கத்திலை பன்றிப் பீயை வைச்சுக்கொண்டு வந்து, பிறகு அந்தத் தலையைத் தொட ஏலுமே?”

“அப்ப ஏலாதெண்டு சொல்லியிருக்கலாமே. நான் லீவு போட்டுப் போயிருப்பன்.”

“சொன்னா நீ விட்டிருப்பியே? ஆக்கினைப்படுத்துவாய்.”

“நாய்ப் பீயைத் தொட மட்டும் ஏலுமோ?”

“நாய் வைரவற்றை வாகனம்” என்றான் சுஜீத், கொஞ்சமும் யோசிக்காமல். “அதுக்கும் மஞ்சள் போட்டுக் கரைச்சுத்தான் உன்ரை வெறும் போத்தலுக்குள்ளை விட்டனான். நிறமும் வரும், தீட்டும் போகும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு கௌசி சொன்னாள், மிகவும் மெதுவாக. நான் சுவரோடு ஒட்ட வேண்டியிருந்தது.

“முருகன்ரை தகப்பனே தாய்ப்பன்றியாய் வந்து, தாய் செத்த குட்டியளுக்குப் பால் குடுத்தவர் எண்டுதானே படிச்சனாங்கள். உங்களுக்கு ஒரு பையைக் காரிலை வைக்க ஏலாமப் போச்சு.”

“அது புராணம். இது எட்மண்டன். சனம் என்ன சொல்லும்?”

“என்ரை வேலை?”

“வேற வேலை வரும்” என்றான். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கோயிலில் படுக்கப் போய்விட்டான்.

காரை விட்டுவிட்டுப் போயிருந்தான். கொட்டிலில் வைத்துப் புதுச் சாயம் பூசிய மூன்று தலைகளும் டிக்கியில் இருந்தன. சனிக்கிழமை பொழுதுபடமுன் அவற்றைக் கோயிலுக்குக் கொண்டுவரும் பொறுப்பு வழக்கம்போல் கௌசிக்கு. இவ்வளவும் செய்துவிட்டு, அதையும் அவள் செய்வாள் என்று நம்பித்தான் போயிருக்கிறான் பாருங்கள். அந்த நம்பிக்கையைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.

சனி காலை கௌசி கதவைத் தட்டினாள். “அன்ரி, பண்ணைக்குப் போறன். வாறியளோ?”

கேட்க வேண்டுமா? பிஸ்கட்டின் வாய்க்குள் பூச்சிக் குளிசையைத் திணித்துவிட்டு ஏறிக்கொண்டேன்.

டெபி முகம் கொடுக்கவில்லை. படலையைத் திறந்துவிட்டு விலகி நின்றாள். வைக்கோலில் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்தன. ரோமம் சிலிர்த்து, முதுகெலும்பு தெரிந்தது. மண்டியிட்ட கௌசி ஒவ்வொன்றாய் மடியில் எடுத்தாள். வயிற்றடியை விரலால் மெல்ல அமத்தினாள். மஞ்சளாய்ப் பசை வந்தது, புளித்த பால் மணத்தோடு. உண்மையான மஞ்சள். போத்தலில் எடுத்து மூடினாள். டெபி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பிறகு தானே வந்து அடுத்த குட்டியைத் தூக்கிக் கொடுத்தாள்.

போத்தல்களைப் பையில் போட்டுக்கொண்டு காருக்கு வந்தோம். கௌசி டிக்கியைத் திறந்தாள். ஆனையும் சிங்கமும் சூரனும் பல்லைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள். பையை நடுவில் வைத்தாள்.

“பிள்ளை, பின் சீற்றிலை இடம் இருக்கு” என்றேன்.

“தெரியும் அன்ரி” என்று டிக்கியைச் சாத்தினாள்.

லாப்பில் சனிக்கிழமை ஆளில்லை. அவளிடம் உள்ளே போகிற அட்டை இருந்தது. பையில் இருந்து இரண்டு போத்தலை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். நான் காருக்குள்ளேயே இருந்து, கொண்டுபோன தோசையைச் சாப்பிட்டேன். திரும்பி வந்தபோது போனை நீட்டினாள். கறுப்பு வானத்தில் யாரோ நீல வளையல்களை வீசினாற்போல் ஒரு படம். எனக்கே அழகாய்த்தான் இருந்தது, பீ என்று தெரிந்தும்.

படத்தை மனேச்சருக்கு அனுப்பியிருந்தாள். பதிலும் வந்திருந்தது. வாசித்துக் காட்டினாள். நல்ல வேலை. பண்ணை வைத்தியருக்கு இப்போதே அறிவிக்கிறேன், மற்றக் குட்டிகளைக் காப்பாற்றப் பார்க்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை நடந்ததற்குப் பிறகு பன்றி மேசையை உன் பொறுப்பில் விட முடியாது. புதிதாய் வருகிறவருக்கு நீ உதவியாக இரு.

“உண்மையைச் சொல்லன் பிள்ளை” என்றேன்.

“என்னண்டு அன்ரி சொல்லுறது? என்ரை புருசன் நாய்ப் பீயிலை மஞ்சள் கரைச்சவர் எண்டோ? நான் சொன்னா ஆர் நம்புவினம்? செய்தவர் சொல்லவேணும்.”

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மேளம் தொடங்கிவிட்டது. கார்த் தரிப்பிடத்தில் குளிருக்குள் சனம். வெறும் மேலும் வேட்டியுமாய்ச் சுஜீத் ஓடி வந்தான். அவள் வழக்கம்போல் கொண்டுவந்ததில் அவனுக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. டிக்கியைத் திறந்தாள். தலைகளுக்கு நடுவே பை அப்படியே இருந்தது.

“இது பன்றிப் பீ” என்றாள் கௌசி. “காலமையிலை இருந்து உங்கடை சூரனோடை ஒட்டிக்கொண்டுதான் இருக்கு. இப்ப சொல்லுங்கோ. தொடுவீங்களோ?”

அவன் கை பாதியில் நின்றது. கோயில் தலைவர் சபாரத்தினம் அண்ணை வாசலில் நின்று, “தம்பி, தலையைக் கொண்டு வாருமன், சாமி வெளிக்கிட்டிட்டார்!” என்று கூப்பிட்டார். சுஜீத் அவரைப் பார்த்தான். சனத்தைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி மனைவியிடம் கேட்டான்:

“ஆருக்கும் தெரியுமே?”

கௌசி அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் பையை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டு, ஆனைத் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். சிங்கத்தையும் சூரனையும் எடுக்க இரண்டு பெடியன்களை அனுப்பினான்.

அன்று அவன் ஆடியது போல் ஒருநாளும் ஆடியதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் எட்டிப் பார்த்தேன், பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் ஆடினான். திரும்பி வந்து பார்த்தால் கௌசி திறந்த டிக்கியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

“விரதத்துக்காகத்தான் செய்தவர் எண்டு நினைச்சன் அன்ரி” என்றாள். “அப்பிடியெண்டா எப்பிடியும் பொறுத்துக்கொண்டிருப்பன். தொடமாட்டன் எண்டு சொல்லியிருந்தால்கூட…”

பையைத் தூக்கி மடியில் வைத்தாள். பிறகு, “உங்கடை மேல் அறையிலை ஆரும் படுக்கிறேல்லைத்தானே?” என்று கேட்டாள்.

மறுநாள் பாறணை. விரதம் முடிக்கிற நாள். விடியமுன் எல்லா வீட்டிலும் பெண்கள் எழும்பிச் சமைக்கிற நாள். பக்கத்து வீட்டுக் குசினியில் லைட் எரியவில்லை. வெளிச்சம் வந்த பிறகு சுஜீத் என் படலையடியில் வந்து நின்று மேலே பார்த்தான். என் கதிரையில், என் லேஸ் திரைக்குப் பின்னால், கௌசி இருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டியதாயிற்று.

“கௌசி, வாவன். இண்டைக்காவது சண்டையை விடன்.”

அவள் ஜன்னலைத் திறந்தாள். “டெபிக்குப் போன் எடுத்து, வேண்டாமெண்டு சொன்னது நீங்கள் எண்டு சொல்லுங்கோ. நாளைக்கு என்ரை மனேச்சருக்கும் சொல்லுங்கோ. பிறகு வாறன்.”

அவன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். “அவங்களுக்குச் சொன்னா கதை கோயில் வரைக்கும் வரும் கௌசி. கொஞ்சம் ஆறட்டும், பிறகு பாப்பம்” என்றான். போய்விட்டான். போகும்போது என் குப்பைத் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போனான். பிஸ்கட் குரைத்தது.

மத்தியானம் என் போன் அடித்தது. சபாரத்தினம் அண்ணை. பாறணைக்குச் சுஜீத் கோயிலில் வந்து தனியாகச் சாப்பிட்டானாம்.

“பிள்ளை கௌசிக்கு ஏதும் சுகமில்லையோ? கேட்டா, ஆஸ்பத்திரியிலை வேலை கூடவாம் எண்டு சொல்லுறான். நீர் பக்கத்து வீடெல்லோ, உமக்குத் தெரியாததே?”

இந்தத் தெருவில் முப்பது வருடமாய் இப்படி ஒரு கேள்விக்கு நான் யாரையும் கேட்டுக்கொண்டு பதில் சொன்னதில்லை. அன்று போனைக் கையால் பொத்திக்கொண்டு கௌசியைப் பார்த்தேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள், நிமிர்ந்தாள்.

“சொல்லுங்கோ அன்ரி” என்றாள். “முதல்லை இருந்து சொல்லுங்கோ.”

நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.